தரை ஓர்கிட்: வளர்க்கக் கூடியதும் தோண்டக் கூடாததும்

துணுக்காயில் நான் படிப்பிக்க வந்து மூன்றாவது வருடம். மாசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், ஒன்பதாம் தரத்துப் பையன் ஒருவன் சொப்பின் பையோடு வகுப்புக்குள் வந்தான். பைக்குள் மண்ணோடு நாலைந்து பச்சைக் குமிழ்கள். அவற்றில் ஒன்றிலிருந்து இலையே இல்லாத நெடுந்தண்டு ஒன்று எழும்பியிருந்தது. அதன் நுனியில் மஞ்சளும் பச்சையும் கலந்த சிறு பூக்கள் பத்துப் பன்னிரண்டு. ஒவ்வொரு பூவிலும் கீழிதழ் மட்டும் வெள்ளை. அதில் ஊதாக் கோடுகள்.

“சேர், நரிவெங்காயம். மாடு சாய்க்கப் போகேக்க காட்டுக்கரையில கண்டனான். பூ வடிவாக் கிடந்துது. பள்ளிக்கூடத்தில வைப்பமெண்டு கிண்டிக்கொண்டு வந்தனான்” என்றான்.

எனக்கும் சந்தோஷம்தான். வேப்பமரத்தடியில் குழி வெட்டி, மாட்டெரு போட்டு, குமிழ்கள் மறையும்படி நட்டோம். பிள்ளைகள் முறை வைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார்கள். பூக்கள் ஒரு வாரம் நின்றன. சித்திரை விடுமுறைக்கு முன்னரே குமிழ்கள் கூழாகி நாறத் தொடங்கின. “இனி அது எழும்பாதோ சேர்?” என்று கேட்டவனுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. நான் படித்தது தமிழ், தாவரவியல் அல்ல. விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர்தான் நான் எடுத்து வைத்திருந்த படத்தைப் பார்த்துச் சொன்னார்: “இது ஓர்கிட். யூலோஃபியா சாதி. நீங்கள் பார்த்துப் பார்த்துக் கொன்றிருக்கிறீர்கள்.”

அதே நாட்களில் புத்தளத்தில் உம்மாவின் முற்றத்திலே இன்னொரு தரை ஓர்கிட் வருடம் முழுக்கப் பூத்துக்கொண்டிருந்தது. அதற்கு யாரும் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றவில்லை. ஒரே குடும்பத்துச் செடிகள் இரண்டில் ஒன்று ஏன் செத்தது, மற்றது ஏன் செழித்தது என்ற கேள்வியோடு நான் தேடிப் படித்ததையும், பின்னர் என் கையால் வளர்த்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

நரியின் பெயரில் ஒரு செடி

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். பையன் சொன்ன நரிவெங்காயம் வேறு செடி. அதன் கிழங்கை வெட்டினால் வெங்காயம் போலவே மடல் மடலாகப் பிரியும், நச்சுத்தன்மையும் உண்டு. யூலோஃபியாவின் குமிழை வெட்டினால் மடல் இல்லை. உள்ளே சதை கட்டியாக இருக்கும். உண்மையில் அது கிழங்கே அல்ல, தண்ணீரையும் உணவையும் சேமித்து வைப்பதற்காக ஊதிப் பெருத்த தண்டு.

பையன் ஆளை மாறிச் சொன்னாலும் நரியை விட்டுவிட முடியவில்லை. ஓர்கிட் என்ற சொல் கிரேக்கத்து ‘ஓர்கிஸ்’ என்பதிலிருந்து வந்தது. அதற்கு விரை என்று பொருள். மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் தரை ஓர்கிட்டுகள் பலவற்றுக்கு மண்ணுக்கடியில் இரட்டையாக உருண்டைக் கிழங்குகள் இருக்கும். அதைப் பார்த்து வைத்த பெயர். கிரேக்க மருத்துவத்தை அரபுக்குக் கொண்டுவந்த நம் மருத்துவர்கள் இந்தச் செடிகளில் ஒன்றைக் ‘குஸா அத்தஃலப்’ என்றார்கள். தஃலப் என்றால் நரி. நரியின் விரை என்பது சொல்லின் பொருள். இது பேச்சில் தேய்ந்து ‘ஸஹ்லப்’ என்றும், துருக்கியில் ‘ஸாலெப்’ என்றும் ஆனது. இன்றைக்கும் அரபு மொழியில் ஓர்கிட் குடும்பத்தைக் குறிக்க இந்தச் சொல்லையே பாவிக்கிறார்கள்.

அந்தக் கிழங்கை அவித்து, காயவைத்து, இடித்த மாவைப் பாலில் கலந்து காய்ச்சினால் கொழகொழவென்று ஒரு சூடான பானம் கிடைக்கும். மிஸ்ரிலும் ஷாமிலும் துருக்கியிலும் குளிர்காலத்தில் குடிக்கிறார்கள். துருக்கியின் மராஷ் நகரத்து ஐஸ்கிரீம் இழுத்தால் நூலாக நீளுவதும் இந்த மாவினால்தான். 18ஆம் நூற்றாண்டில் இலண்டன் தெருக்களிலும் ‘ஸலூப்’ என்ற பெயரில் விற்றார்கள். யூனானி வைத்தியம் வழியாக ‘ஸாலப் மிஸ்ரி’ இந்தியாவுக்கு வந்தது. மிஸ்ரி என்றால் மிஸ்ர் தேசத்து, அதாவது எகிப்தினது. தமிழ் வைத்தியத்தில் அது ‘சாலாமிசிரி’ ஆகிவிட்டது. தாது புஷ்டி லேகியங்களில் இந்தப் பெயரைக் காணலாம். சாலாமிசிரி என்று உச்சரிக்கும்போது அதற்குள் ஓர் அரபு நரி ஒளிந்திருப்பது பலருக்குத் தெரியாது. பட்டதாரியான எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

இந்தியச் சந்தையில் மேற்காசியக் கிழங்கு விலை கூடியதாக இருந்ததால் உள்ளூர்ச் செடிகளின் கிழங்குகளையும் அதே பெயரில் விற்றார்கள். அப்படி விற்கப்பட்டவற்றில் முக்கியமானது யூலோஃபியா சாதி. அதாவது எங்கள் வேப்பமரத்தடியில் அழுகியது சாலாமிசிரியின் ஒன்றுவிட்ட சகோதரம்.

கதையின் கசப்பான பகுதி இதுதான். ஒரு கிலோ ஸாலெப் மாவுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட கிழங்குகள் வேண்டும். ஒவ்வொரு கிழங்கும் ஒரு காட்டுச் செடியின் உயிர். தோண்டித் தோண்டி மலைச்சாரல்களில் செடியே அருகிப்போனதால் துருக்கி இந்த மாவின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. நம் நாட்டிலும் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. மலைநாட்டுப் புல்வெளிகளில் மஞ்சள் பூப் பூக்கும் இப்சியா ஸ்பெசியோசா என்ற தரை ஓர்கிட், உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளராதது. சிங்களத்தில் ‘நாகமரு அல’ என்பார்கள். அதன் கிழங்குக்கு வசியசக்தி உண்டென்ற நம்பிக்கையால் களவாகத் தோண்டப்பட்டு இன்று அது ஆபத்தில் இருக்கிறது. இந்தக் கிழங்குகளில் இருப்பது பெரும்பாலும் குளுக்கோமன்னன் என்ற, தண்ணீரில் ஊறிக் கொழகொழக்கும் மாப்பொருள். அதில் வசியமும் இல்லை, மாயமும் இல்லை. உருவத்தைப் பார்த்து மருந்தென்று முடிவுகட்டிய பழைய நம்பிக்கைதான் இத்தனை தோண்டலுக்கும் காரணம்.

தூசு போன்ற விதை

பிடுங்கினால் என்ன, விதை விழுந்து முளைக்காதா என்று கேட்கலாம். ஓர்கிட்டின் விதையைப் பார்த்தால் பதில் தெரியும். ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில் விதைகள் இருக்கும்; வெடித்தால் தூசு பறப்பது போலப் பறக்கும். பயற்றம் விதைக்குள்ளும் நெல்மணிக்குள்ளும் நாற்று எழும்பும் வரைக்குமான சாப்பாட்டை இறைவன் கட்டிக்கொடுத்திருக்கிறான். ஓர்கிட் விதைக்குள் அந்தக் கட்டுச்சோறு இல்லை. மண்ணில் உள்ள குறிப்பிட்ட ஒரு பூஞ்சணம் அதற்குள் புகுந்து உணவூட்டினால்தான் முளைக்கும். இதை 1899இல் கண்டுபிடித்தவர் நொயெல் பேர்னார்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. அந்தப் பூஞ்சணம் இல்லாமலே, சீனி கலந்த அகார்க் கூழில் விதையை முளைக்கவைக்கலாம் என்று 1922இல் காட்டியவர் அமெரிக்கரான லூயிஸ் நட்சன். இன்று கடைகளில் விற்கும் கலப்பின ஓர்கிட்டுகள் பல, போத்தலுக்குள் பிறந்து வருவது அந்த வழியில்தான்.

ஆகவே காட்டில் ஓர் ஓர்கிட் நிற்கிறதென்றால், விதை விழுந்த இடத்தில் பூஞ்சணம் இருந்திருக்கிறது, இலைச்சருகு இருந்திருக்கிறது, நிழலும் வெயிலும் கணக்காக இருந்திருக்கின்றன. கோடிக்கணக்கான தூசுகளில் ஒன்றுக்கு எல்லாம் கூடிவந்திருக்கிறது. அதை அலவாங்கால் பெயர்த்துப் பள்ளிக்கூடத்தில் வைத்தபோது நாங்கள் செடியை மட்டும்தான் கொண்டுவந்தோம். அதை வாழவைத்த மண் அங்கேயே கிடந்தது. அதற்குமேல் இன்னொரு பிழையும் செய்தோம். வன்னியின் காட்டு யூலோஃபியாக்கள் கோடையில் இலை உதிர்த்து உறங்கும் வழக்கம் உள்ளவை. கார்த்திகைப் பூ கிழங்குக்குள் உறங்கி மழைக்கு எழும்புவது போலத்தான். உறங்குகிற செடிக்கு இரண்டு நேரமும் தண்ணீர் ஊற்றினோம், அது அழுகியது.

இன்னொரு தப்பெண்ணத்தையும் இந்த இடத்தில் திருத்திவிடலாம். பாலை, வீரை மரக்கிளைகளில் ஒட்டி வளரும் வண்டா ஓர்கிட்டை எங்கள் பக்கம் பலர் குருவிச்சை என்று நினைத்து வெட்டி எறிகிறார்கள். குருவிச்சை மரத்துக்குள் வேர் விட்டுச் சாறு உறிஞ்சும். ஓர்கிட் கிளையில் குந்தியிருக்கும், அவ்வளவுதான். மழையிலும் காற்றிலும் சருகுத் தூளிலும் இருந்துதான் அது சீவிக்கிறது.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. ஒதுக்கப்பட்ட காடுகளில் அனுமதியின்றிச் செடி பிடுங்குவது 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் காட்டுக் கட்டளைச் சட்டப்படி குற்றம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. நாட்டுக்கு நாடு நடக்கும் வியாபாரத்தைப் பொறுத்தவரை, 1975இல் நடைமுறைக்கு வந்த சைற்றிஸ் உடன்படிக்கை முழு ஓர்கிட் குடும்பத்தையும் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருக்கிறது. ஆனால் சட்டம் தெரிந்து ஒதுங்குவதைவிடக் காரணம் தெரிந்து ஒதுங்குவது நல்லது. மரம் நடுவது ஸதக்கா என்று மிம்பரில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வளர்ந்து நிற்பதைப் பிடுங்காமல் விடுவதும் அமானிதம் பேணுவதுதான்.

உம்மாவின் செடி

அப்படியென்றால் ஓர்கிட் ஆசைப்படுபவர் என்ன செய்வது? தோட்டத்துக்கென்றே பெருகிக் கிடக்கும் ஒன்றை வாங்கி வளர்ப்பது. தரை ஓர்கிட்டில் அதற்கு முதலிடம் ஸ்பத்தோகுளொட்டிஸ் பிளிக்காற்றா. உம்மாவின் முற்றத்தில் நின்றது இதுதான். பூக்கன்று விற்கும் இடங்களில் ‘கிரவுண்ட் ஓர்கிட்’ என்று கேட்டால் பெரும்பாலும் இதையோ இதன் கலப்பினத்தையோதான் தருவார்கள்.

இதன் தாயகம் தென்கிழக்காசியாவும் பசுபிக் தீவுகளும். 1825இல் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் யாவாவில் வேலை செய்த புளூமே என்ற தாவரவியலாளர். ‘பிளிக்காற்றா’ என்றால் மடிப்பு வைத்தது. தென்னம்பிள்ளையின் முதல் ஓலை போல, நீளவாக்கில் மடிப்பு மடிப்பாக, இரண்டு மூன்று அடி நீளத்துக்கு இலை வளரும். பூக்காத காலத்தில் பார்ப்பவர்கள் கமுகங்கன்று என்றுதான் நினைப்பார்கள். இலைகளுக்குப் பக்கத்திலிருந்து ஈர்க்கு போன்ற நெடுந்தண்டு எழும்பி, நுனியில் ஊதா கலந்த ரோஸ் நிறப் பூக்கள் கீழிருந்து மேலாக ஒன்றன்பின் ஒன்றாக விரியும். ஒரு தண்டே மாதக்கணக்கில் பூத்துக்கொண்டிருக்கும். வெள்ளையும் மஞ்சளும் கலப்பினங்களில் உண்டு.

இந்தச் செடி எவ்வளவு துணிச்சலானது என்பதற்கு ஒரு வரலாற்றுச் செய்தி இருக்கிறது. 1883 ஓகஸ்டில் சுந்தா நீரிணையிலுள்ள கிரக்கட்டோவா எரிமலை வெடித்தது. தீவில் மிஞ்சியதைச் சாம்பலும் நுரைக்கல்லும் மூடின. பதினைந்து வருடம் கழிவதற்குள் அங்கே போன தாவரவியலாளர்கள் கண்ட முதல் ஓர்கிட்டுகளில் இதுவும் ஒன்று. கடலைத் தாண்டிக் காற்றில் வந்த தூசு விதை, வெறும் சாம்பலில் வேர் பிடித்திருக்கிறது. பெரிய காட்டு மரங்கள் வருமுன் வெட்டவெளியில் வந்து நிற்பதுதான் இதன் சுபாவம். வெயில் பிடிக்கும், நுரைக்கல் போலக் காற்றோட்டமான இடம் பிடிக்கும். வளர்ப்பவர் இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மிச்சமெல்லாம் எளிது.

எங்கள் குடும்பம் 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவிலிருந்து புத்தளம் வந்தது. முகாம் விட்டுச் சொந்த வளவுக்குப் போன பிறகு உம்மா வாங்கி வைத்த முதல் பூக்கன்றுகளில் இதுவும் ஒன்று. எனக்குத் துணுக்காய்க்கு நியமனம் கிடைத்துச் சில வருடத்தில், அதிலிருந்து மூன்று குமிழைப் பிரித்து, ஈரச்சாக்கில் சுற்றித் தந்தார். “இதக் கொண்டு போய் அங்க வை. ஆனா மண்ணுக்குள்ள பொதைச்சுடாத” என்றார். நான் அதை ஒழுங்காகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வன்னியில் வளர்க்கும் முறை

‘தரை ஓர்கிட்’ என்ற பெயர் என்னை ஏமாற்றிவிட்டது. தரையில் வளர்வதென்றால் கனகாம்பரம் போலத் தரையில் நடலாம் என்று, விடுதி முற்றத்துச் செம்மண்ணில் குழி வெட்டி வைத்தேன். மார்கழி மழையில் செம்மண் குழைந்து தண்ணீர் மூன்று நாள் நின்றது. மூன்று குமிழில் இரண்டு போய்விட்டன. தரை ஓர்கிட் இயற்கையில் நிற்பது பெரும்பாலும் மண்ணின் மேற்பரப்பில், சருகும் மணலும் மட்கும் சேர்ந்த பொருபொருத்த அடுக்கில். வேருக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். களித்தன்மையான மண்ணில் மழைக்குக் காற்று போய்விடும். கோடைக்கு அது செங்கல்லாக இறுகிவிடும். மிஞ்சிய ஒரு குமிழைத்தான் சாடிக்கு மாற்றினேன். இன்று என்னிடம் இருக்கும் பதினொரு சாடியும் அதிலிருந்து வந்தவை.

கலவை. பொச்சைத் தேசிக்காய்ப் பாதி அளவுத் துண்டுகளாக வெட்டி, மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். பொச்சிலுள்ள உப்பும் கறையும் போகும். அதில் இரண்டு பங்கு, விறகுக்கரித் துண்டு ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மட்கிய கூட்டெருவும் உமிக்கரியும் சேர்ந்து ஒரு பங்கு. வன்னியில் நெல் ஆலை இருக்கும் ஊரில் உமிக்குப் பஞ்சமில்லை. எட்டு அல்லது பத்து அங்குல அகலமான மண்சாடி போதும். அடித்துளையைப் பெரிதாக்கி, ஓட்டுத் துண்டுகளை இரண்டு அங்குல உயரத்துக்குப் போட்டு, மேலே கலவையை நிரப்புங்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். நீங்கள் வாளியை நிலத்தில் வைப்பதற்குள் தண்ணீர் கீழே வந்துவிட வேண்டும். தேங்கினால் கலவை சரியில்லை.

நிலத்திலேதான் வைக்க வேண்டும் என்பவர்கள் ஒரு அடி உயரத்துக்குப் பாத்தி உயர்த்தி, மணலும் சருகும் அரைவாசிக்கு மேல் கலந்து நடலாம்.

நடும் ஆழம். குமிழின் கீழ்ப் பாதி மட்டும் கலவைக்குள். மேல் பாதி வெளியே தெரிய வேண்டும். உம்மா சொன்னது இதைத்தான்.

இடம். காலை வெயில் பத்து மணி வரை நேராகவும், பிறகு சல்லடை நிழலும் கிடைத்தால் நல்லது. வேப்பமரத்தின் ஓரம் இதற்குப் பொருத்தம். மரம் இல்லாவிட்டால் ஐதாகக் கிடுகு போடலாம், அல்லது பாதி வெயில் விடும் நிழல் வலை கட்டலாம். இலையே உங்களுக்கு அறிவிக்கும். கடும்பச்சையில் தளதளவென்று இருந்து பூ வராவிட்டால் நிழல் கூடிவிட்டது. வெளிறிய திட்டும் தீய்ந்த பொட்டும் தெரிந்தால் வெயில் கூடிவிட்டது. இலேசான மஞ்சள் ஓடிய பச்சைதான் சரியான நிறம்.

தண்ணீர். எங்கள் பக்கத்தில் ஓர்கிட் சாவதற்கு வெயிலைவிடத் தண்ணீர்தான் பெரிய காரணம். கூடினாலும் பிழை, உப்பு இருந்தாலும் பிழை. கேத்தலின் அடியில் வெள்ளை படிகிற கிணற்றுத் தண்ணீர் என்றால், சாடியிலும் அதே வெள்ளை படியும். இலை நுனி கருகும். மழைக்காலத்தில் பீலித் தண்ணீரைப் பரலில் பிடித்து மூடி வையுங்கள். கிணற்றுத் தண்ணீர் ஊற்றினாலும் வாரத்தில் ஒரு நாள் மழைத் தண்ணீரால் சாடியைக் கழுவிவிடுவது போல நிறைய ஊற்றினால் உப்பு கீழே இறங்கிவிடும். மாசி தொடக்கம் புரட்டாதி வரை காலையில் ஒரு தடவை. சோளகம் பலமாக வீசும் மாதங்களில் மாலையிலும் கொஞ்சம். ஐப்பசியில் மழை தொடங்கியதும் சாடிகளை இறவாரத்துக்கு உள்ளே இழுத்துவிடுங்கள். குருத்துக்குள் தண்ணீர் தேங்கினால் ஒரே கிழமையில் அழுகல் வரும்.

விடுமுறைக்குப் புத்தளம் போய் மூன்று கிழமை கழித்து வந்தபோது ஒருமுறை எல்லா இலையும் மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தன. போய்விட்டது என்றே நினைத்தேன். குமிழைத் தொட்டுப் பார்த்தால் கெட்டியாக இருந்தது. மெல்ல மெல்லத் தண்ணீர் கொடுக்க, ஒரு மாதத்தில் புதுக் குருத்து வந்தது. இலை போனால் பயப்பட வேண்டாம். குமிழ் மெத்தென்று அமுங்கினால்தான் பயப்பட வேண்டும்.

உரம். அல்பேட் போன்ற கரைந்த உரத்தைப் பெட்டியில் எழுதியிருக்கும் அளவில் பாதியாக்கி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஊற்றலாம். 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்த காலத்தில் நான் மாட்டெருவோடு சமாளித்தேன். காய்ந்த மாட்டெருவை ஒரு கிழமை ஊறவைத்து, வடித்து, வெறும் தேத்தண்ணீர் நிறம் வரும்வரை தண்ணீர் கலந்து, குருத்தில் படாமல் சாடி ஓரத்தில் ஊற்ற வேண்டும். பூ கொஞ்சம் குறைந்தது, செடி குறையவில்லை. கடும் மழை மாதங்களில் எந்த உரமும் வேண்டாம்.

பூத்தண்டு. அடியில் பூ உதிர்ந்ததும் வெட்டிவிடாதீர்கள். நுனி இன்னும் பூக்கும். இடையில் காய் பிடித்தால் கிள்ளிவிடலாம். காய் செடியின் பலத்தை எடுக்கும். தண்டு முழுதும் காய்ந்த பின் அடியோடு வெட்டுங்கள்.

பிரித்து நடுதல். இரண்டு வருடத்தில் சாடி நிறைந்துவிடும். புரட்டாதிக் கடைசி, முதல் மழைக்கு முந்திய நாட்கள் இதற்கு நல்லவை. சாடியைக் கவிழ்த்து, பழைய கலவையை உதறி, மூன்று குமிழுக்குக் குறையாமல் ஒரு கூட்டமாக வெட்டுங்கள். கத்தியை நெருப்பில் காட்டி ஆறவிட்டு வெட்ட வேண்டும். வெட்டுவாயில் கறுவாத்தூள் பூசினால் பூஞ்சணம் பிடிப்பது குறையும். ஒரு நாள் நிழலில் காயவிட்டு நடுங்கள். முதல் பத்து நாள் தண்ணீரைத் தெளித்தால் போதும். இலை இல்லாத பழைய குமிழையும் எறியாதீர்கள். ஈரமணலில் பாதி புதைத்து வைத்தால் அதிலும் முளை வரும்.

பூச்சியும் நோயும். மழை நாட்களில் நத்தை குருத்தைத் தின்னும்; இரவில் டோர்ச் அடித்துப் பொறுக்குவதே மருந்து. கோடையில் இலையின் கீழ்ப்புறம் செஞ்சிலந்தி வரும். தண்ணீரைப் பலமாகப் பீச்சிக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். வெண்மூட்டுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் சவர்க்காரத் தண்ணீரும் கலந்து அந்தி நேரத்தில் தெளிக்கலாம். அழுகிய குமிழை உடனே வெட்டி அகற்றுங்கள்; பக்கத்துக் குமிழுக்குத் தாவும்.

பூமொட்டுக்களில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்து நான் முதலில் எறும்பு மருந்து போட்டேன். அதுவும் பிழை. இந்தச் செடி பூவுக்கு வெளியே, மொட்டுப் பக்கத்தில் தேன் சுரக்கிறது. எறும்புகள் வருவது அதற்காக. அவை மொய்க்கும் மொட்டுக்களை மற்றப் பூச்சிகள் இலேசில் நெருங்குவதில்லை. விட்டுவிடுங்கள்.

மற்ற ஊர் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அக்குறணை போன்ற மழை கூடிய இடங்களில் கரியையும் ஓட்டுத் துண்டையும் கூட்டுங்கள். தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். காத்தான்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று படாத சுவர் மறைவில் வையுங்கள்; வாரம் ஒருமுறை இலையைக் கழுவுங்கள். எங்கிருந்தாலும் வெட்டிக் கழித்த குமிழ்களைக் காட்டோரம் கொட்டாதீர்கள். புவேர்ட்டோ ரிக்கோவில் தோட்டத்திலிருந்து தப்பிய இதே செடி பரவி, அங்குள்ள உள்ளூர்த் தரை ஓர்கிட்டுக்குக் கெடுதல் செய்கிறதென்று ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள்.

காட்டுக்கரையில்

இப்போது பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நான்கு சாடிகள் இருக்கின்றன. நாலும் உம்மாவின் செடியின் பிள்ளைகள். வருடத்துக்கு ஒருமுறை பிரித்து, ஆசைப்படும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். சாடி கொண்டுவர வேண்டும், தண்ணீர் ஊற்றும் முறையைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விலை. மல்லாவிப் பக்கத்து வீடுகள் சிலவற்றில் ரோஸ் நிறப் பூவைக் கண்டால் எனக்கு எந்த வகுப்பு, எந்தப் பிள்ளை என்று தெரியும்.

முதலில் குமிழ் கொண்டுவந்த பையன் சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் நின்ற நாட்களில் ஒருநாள் என்னைத் தேடி வந்தான். “சேர், அந்த இடத்தில ரெண்டு நிக்குது. நான் அண்டைக்கு எல்லாத்தையும் கிண்டேல்ல போல” என்றான். கூட்டிக்கொண்டு போனான். முதிரை மர நிழலில், சருகுக்கு நடுவே, முழங்கால் உயரத்துக்கு இரண்டு தண்டுகள். அடியில் பச்சைக் குமிழ்கள் பாதி வெளியே தெரிய இருந்தன. எப்படி நட வேண்டும் என்று நான் இரண்டு வருடமாகப் படித்ததெல்லாம் அங்கே அப்படியே இருந்தது.

மாடுகள் மிதிக்காமலிருக்க ஒரு முட்கொப்பை வெட்டிப் போடட்டோ என்று கேட்டான். போடு என்றேன். படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.